கீரியைக் கொன்ற பின்னர்

சிறுவர்க்கான நீதிக்கதை நூல்களில், கதை முடிந்த இடத்தில் ஒரு கட்டம் கட்டி, ‘இக்கதையால் அறியப்படும் நீதி’ என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். பள்ளியிலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் அந்த வரியைத்தான் நாம் மனப்பாடம் செய்தோம். தேர்வில் மதிப்பெண்ணும் அதற்கே கிடைத்தது. கதை தோல், நீதி சுளை என்று எண்ணப் பழகிவிட்ட நமக்கு, தோலைத் தூக்கியெறிவதில் தயக்கம் இருந்ததில்லை. ஆயினும் ஒரு கதை நாடு கடந்து, மொழி கடந்து, சமயம் கடந்து செல்லும்போது அந்த ஒற்றை வரி என்ன ஆகிறது? நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த ஒரு கதையைக் கொண்டே இதைப் பார்க்கலாம். அது கீரிப்பிள்ளையின் கதை.

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரம், ஆராயாமல் செய்யும் செயலைப் பற்றியது. இக்கதை அங்கே வருகிறது. ஓர் அந்தணனின் மனைவி தன் ஆண் குழந்தையோடு ஒரு கீரிக்குட்டியையும் பிள்ளைபோல் வளர்க்கிறாள். ஒருநாள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தி, கணவனைக் காவல் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போகிறாள். அவள் போன சிறிது நேரத்தில் கணவனும் பிச்சை எடுக்கக் கிளம்பிவிடுகிறான். வீட்டுக்குள் ஒரு பாம்பு நுழைகிறது. கீரி அதைக் கடித்துக் குதறித் துண்டாக்கிவிட்டு, செய்த வேலையைத் தாய்க்குக் காட்டும் மகிழ்ச்சியில் இரத்தம் தோய்ந்த வாயோடு வாசலுக்கு ஓடுகிறது. குழந்தையைத் தின்றுவிட்டது என்று எண்ணிய தாய் நீர்க்குடத்தை அதன்மேல் போட்டுக் கொன்றுவிடுகிறாள். உள்ளே போய்ப் பார்த்தால் குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் பாம்பு செத்துக் கிடக்கிறது.

‘ஆராயாமல் எதையும் செய்யாதே’ என்பது இதற்கு நாம் கற்ற நீதி. இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 1199ஆம் ஆண்டில் சமணத் துறவி பூர்ணபத்திரர் தொகுத்த பஞ்சதந்திர வடிவத்தைப் பார்த்தால், கட்டத்துக்குள் அடங்காத செய்தி ஒன்று கிடைக்கிறது. அந்தத் தாய் கீரிக்குத் தன் பாலையே கொடுத்து, எண்ணெய் தேய்த்து நீராட்டி வளர்த்தவள்தான். என்றாலும் அவள் அதை நம்பவில்லை. தன் இனத்துக்குரிய கொடுங்குணத்தால் என்றாவது அது பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்று முதலிலிருந்தே அஞ்சினாள். தண்ணீருக்குப் போகும்போது, கீரியிடமிருந்து குழந்தையைக் காத்துக்கொள்ளும்படியே கணவனிடம் சொல்லிச் சென்றாள். ஆக, தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இரத்தம் அதற்கு முத்திரை குத்தியது, அவ்வளவே. அதே வாயோடு வீட்டு நாய் ஓடிவந்திருந்தால் அவள் ஒருவேளை குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்திருப்பாள்.

இந்த இடத்தை நாம் விரைந்து கடந்துவிட முடியாது. வீட்டில் மோதிரம் காணாமற்போனால் முதலில் யாருடைய துணிமூட்டை அவிழ்க்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். வேலைக்கு நின்ற சிறுமி அழுதுகொண்டே ஊருக்குப் போன பின்னர் அரிசிப் பானையின் அடியில் மோதிரம் கிடைத்த கதைகள் எந்த ஊரிலும் உண்டு. பிறப்பைக் கொண்டு குணத்தைக் கணிப்பது நமக்குப் புதியதன்று. சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலும் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. ‘ஆராய்ந்து செய்’ என்ற அறிவுரை இத்தகைய மனத்துக்கு எட்டுமா என்பது ஐயமே. தான் ஏற்கனவே ஆராய்ந்துவிட்டதாக அல்லவா அது நினைத்துக்கொண்டிருக்கிறது!

இனிக் கதை மேற்றிசை சென்ற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் முதலாம் குஸ்ரோவின் அரசவை மருத்துவர் பர்சூயா பஞ்சதந்திரக் கதைகளைப் பகலவி மொழியில் பெயர்த்தார். அதிலிருந்து ஏறத்தாழ 570இல் சிரிய மொழிக்குக் கொண்டு சென்றவர் ஒரு கிறிஸ்தவர். பங்குகளைச் சுற்றிப் பார்வையிடும் பொறுப்பில் இருந்த பூத் என்னும் குரு. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அரபியில் ‘கலீலா வ திம்னா’ என்று அதை ஆக்கினார். நம் கரடகன், தமனகன் என்னும் நரிகளே அந்தக் கலீலாவும் திம்னாவும். அரபியிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யூத மதத்திலிருந்து மனம் மாறிய கப்புவா யோவான் வழியாக இலத்தீன். இலத்தீனுக்கு வந்தபின் ஐரோப்பா முழுவதும் அதற்குக் கதவு திறந்துவிட்டது.

இந்த நெடும் பயணத்தில் கீரி உருமாறியது. கீரியைக் காணாத நாடுகளில் அது மரநாய் இனத்துச் சிறு விலங்காயிற்று. ‘ஏழு ஞானிகள்’ என்னும் கதைக்கொத்தில் நாயாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிஸ்டர்சியன் சபைத் துறவி ஒருவர் இலத்தீனில் எழுதிய ‘தொலோபாத்தோஸ்’ என்ற நூலிலும் நாயே வருகிறது. கொன்றவரும் மாறினார், ஓரிடத்தில் தாய், ஓரிடத்தில் தந்தை, அரபியில் ஒரு தவசி, பிரான்சில் ஒரு வீரப் பிரபு. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற சிற்றூரில், லூவெலின் என்னும் இளவரசன் அவசரத்தில் கொன்ற நாயின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் விடுதிக்காரர் ஒருவர் பயணிகளை ஈர்ப்பதற்காக நட்ட கல் அது என்பது ஆய்வாளர் கருத்து. அந்தக் கல்லின் முன் நின்று கண்ணீர் விட்டவர்களின் துயரம் பொய்யென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்திலும் இக்கதைகளைச் சுமந்தவர்களில் குருக்கள் உண்டு. 1792இல் இந்தியா வந்து, தமிழ், கன்னட நாட்டுப் பகுதிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபையின் அருள்தந்தை துய்புவா, 1826இல் பாரிசில் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும் அதே நூலில் இடம் பெற்றது. அதே ஆண்டில்தான் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை தமிழில் வெளிவந்தது.

இனி நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் பிரான்சின் லியோன் மறைமாவட்டம். 1250ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே மறையுரை ஆற்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு வந்தவர் தோமினிக் சபைத் துறவி பூர்போன் ஸ்தேவான். அவர் சமய விசாரணை அலுவலராகவும் இருந்தார். மறையுரையாளர்களுக்குப் பயன்படும்படி நூற்றுக்கணக்கான கதைகளைத் தூய ஆவியின் ஏழு கொடைகள் என்ற தலைப்புகளின்கீழ் தொகுத்து ஒரு பெருநூல் எழுதத் தொடங்கி, முடிக்குமுன் 1261ஐ ஒட்டி இறந்தார். கதைக்கு நீதி வரி எழுதும் கலையில் அவர் காலத்தில் அவரை மிஞ்சியவர் சிலரே இருந்திருப்பர்.

அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த பெண்கள் பலர், தங்கள் குழந்தைகளைப் புனித கின்போரிடம் கொண்டு சென்றதாகக் கூறினார்கள். யார் அந்தப் புனிதர் என்று விசாரித்தார் துறவி. புனிதர் ஒரு வேட்டைநாய் என்று தெரிந்தது. வில்லார் பிரபுவின் நிலத்தில் ஒரு கோட்டை, தொட்டிலில் குழந்தை, தனியாய் நின்ற நாய், உள்ளே வந்த பெரும்பாம்பு, போராட்டம், இரத்தம். செவிலியும் தாயும் அலறிய அலறலில் பிரபு வாளை உருவி நாயைக் கொன்றான். பின்னர் உண்மை அறிந்து வருந்தி, நாயின் உடலைக் கோட்டை வாசலில் இருந்த கிணற்றில் இட்டு, மேலே கற்களைக் குவித்து, நினைவாக மரங்கள் நட்டார்கள். காலப்போக்கில் கோட்டை அழிந்தது, நிலம் பாழாயிற்று. சுற்றுவட்டாரக் குடியானவர்களோ அந்த நாயை மறக்கவில்லை. குற்றமின்றிக் கொல்லப்பட்டதனால் அதை மறைசாட்சி என்று கருதி, நோயுற்ற குழந்தைகளோடு அங்கே வரத் தொடங்கினார்கள். பாவியா நகரில் கின்போர் என்னும் பெயருடைய மனிதப் புனிதர் ஒருவர் வணங்கப்பட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெயர் அவரிடமிருந்து வந்து நாயோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பிரபு வீட்டாருக்கு இக்கதை கற்பித்தது ‘அவசரப்படாதே’ என்பது. ஏழைத் தாய்மாருக்கு அது கற்பித்தது வேறொன்று. ஒரு பிள்ளையைக் காப்பதற்காக உயிரைக் கொடுத்தவன், என் பிள்ளையையும் காப்பான் என்பதே அவர்கள் கண்ட பொருள். மறையுரையாளரின் ஏட்டில் இந்த நீதிக்கு இடமில்லை. இறையியலில் இது தவறு என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் கதையில் கொல்லப்பட்டவனின் பக்கம் நின்று பார்த்தவர்கள் அவர்கள் மட்டுமே என்பதையும் மறுக்க முடியாது.

அங்கே நடந்தவற்றைக் கேட்டால் நம் உள்ளம் நடுங்கும். தாய்மார் ஒரு மூதாட்டியின் துணையோடு அந்தக் காட்டுக்கு வந்து, உப்பு முதலிய காணிக்கைகளை வைப்பார்கள். குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, மரங்களில் ஆணி அறைவார்கள். இரு மரங்களுக்கு நடுவே ஆடையற்ற குழந்தையை ஒன்பது முறை கைமாற்றி எறிவார்கள். காட்டுத் தேவதைகள் தங்கள் நோயாளிக் குழந்தையை வைத்துவிட்டுத் தம் பிள்ளையைத் திருடிச் சென்றன என்றும், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் முறையிடுவார்கள். பின்னர் வைக்கோலில் குழந்தையைக் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுதிரிகளை ஏற்றி, அவை எரிந்து முடியும்வரை கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவில் போய் நிற்பார்கள். திரி சாய்ந்து தீப்பற்றிச் சில குழந்தைகள் வெந்து மாண்டதாகத் துறவியிடம் சொன்னார்கள். பிழைத்த குழந்தையைச் சலரோன் ஆற்றின் ஓடும் நீரில் ஒன்பது முறை அமிழ்த்துவார்கள்.

ஸ்தேவான் அங்கு சென்று மறையுரை ஆற்றினார். நாயின் எலும்புகளைத் தோண்டியெடுக்கச் செய்து, மரங்களை வெட்டி, இரண்டையும் ஒன்றாக எரித்தார். இனி அங்கே வருவோரின் உடைமை பறிக்கப்படும் என்று நிலப்பிரபுக்களைக் கொண்டு ஆணையிடச் செய்தார். அவரைப் பழித்துப் பேசுவது இக்காலத்தில் எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. குழந்தைகள் சாகும் ஒரு வழக்கத்தைக் கண்டு வாளாவிருக்கும் குரு, குரு அல்லர். அதனினும் கொடிய தண்டனைகளை அக்காலத்தில் எளிதாக விதித்திருக்கலாம், அவர் விதிக்கவில்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மருத்துவம் இல்லாத அந்தச் சிற்றூர்களில், மெலிந்து துவண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் மறுநாள் காலையில் எங்கே போயிருப்பார்கள்? துறவியின் நூல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதை வரலாறு சொல்கிறது, அதே காட்டுக்குத்தான். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1879இல் வைசியேர் என்ற ஆய்வாளர் அங்கே சென்றபோது, காடு இன்னும் புனித கின்போரின் பெயராலேயே வழங்கியது. குழந்தைகளுக்கான வேண்டுதலை ஊரார் நினைவில் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான் கிளோத் ஷ்மித் 1979இல் இதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியுள்ளார். எலும்பு எரிந்தது, தேவை எரியவில்லை.

இப்போது தமிழ் மண்ணுக்குத் திரும்புவோம். இக்கதை பஞ்சதந்திர மொழிபெயர்ப்புகளின் வழியாகத் தமிழுக்கு முதலில் வந்ததன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் அது முன்பே இருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் காணும் மாடலன் என்னும் மறையோன், கோவலன் முன்பு புகாரில் செய்த நற்செயல்களை எடுத்துச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று, கீரியைக் கொன்ற பெண்ணுக்கு அவன் செய்த உதவி. கீரி இறந்த செய்தியை இளங்கோ ஓரடியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். கேட்போர் எல்லோரும் அறிந்த கதை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார்தாம் பிற்காலத்தவர்க்காக அதை விரித்துரைக்கிறார். மற்ற நாட்டார் எல்லோரும் கதையை முடித்த இடத்தில் இளங்கோ தொடங்குகிறார். கீரி இறந்துவிட்டது, சரி, அந்தப் பெண் என்ன ஆனாள்?

கணவன் அவளைக் கைவிட்டான். உன் கையால் உண்டு வாழ்வது இனி முறையன்று என்று சொல்லி, வடதிசை நோக்கிப் புறப்பட்டுவிட்டான். அழுதுகொண்டு பின்னே ஓடிய அவள் கையில் வடமொழியில் எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, கடமை அறிந்தவர் எவரிடமேனும் இதைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஏட்டில் என்ன இருந்தது? பஞ்சதந்திரத்தில் இக்கதைக்குரிய நீதிச் சுலோகமே அதில் இருந்ததாக உரை மரபு கூறுகிறது. ஆராயாமல் எதையும் செய்யலாகாது. செய்தால் கீரியைக் கொன்ற பார்ப்பனியைப்போல் பின்னர் வருந்த நேரும் என்பது அதன் கருத்து. அதாவது, நம் சிறுவர் நூலில் கட்டம் கட்டிப் போடும் அதே வரி! அந்த வரியை அவள் கையிலேயே திணித்துவிட்டு அவன் நடந்துவிட்டான். குழந்தையைக் காக்க வேண்டிய நேரத்தில் வீட்டைத் திறந்துபோட்டுச் சென்றவன் அவனே என்பதைப் பூர்ணபத்திரரின் கதையோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், அந்த ஏட்டின் கனம் இன்னும் கூடுகிறது. அவனது பங்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அவள் ஏட்டை ஏந்திக்கொண்டு வணிகர் வீதிகளில், மாடங்களின் வாசல்தோறும் கூவி அலைந்தாள். எத்தனை வாசல்கள் மூடிக்கிடந்தன என்று காப்பியம் கணக்குச் சொல்லவில்லை. கோவலன் மட்டும் அவளை அழைத்தான். உனக்கு நேர்ந்த துன்பம் யாது, கையிலிருப்பது என்ன என்று கேட்டான். அஞ்சாதே, இத்துயரை நான் நீக்குவேன் என்றான். ஏடு கூறும் நீதி சரியா தவறா என்று வாதாடவில்லை. மறை நூல்கள் விதித்த தானங்களைச் செய்து அவள் பழியை நீக்கினான். அதோடு நில்லாமல், காட்டு வழியே போய்விட்ட கணவனைத் தேடிக் கொணர்ந்து அவளோடு சேர்த்து, குறையாத பொருளும் கொடுத்து, இருவரையும் நல்வழியில் வாழச் செய்தான்.

தானத்தால் பாவம் தீரும் என்ற அக்கால நம்பிக்கை நம்முடையதன்று. மன்னிப்பு விலைக்கு வாங்கப்படுவதில்லை என்பதே நம் திருச்சபையின் போதனை. ஆயினும் ஒப்புரவு என்ற சொல்லின் முழுப் பொருள் இங்கே கண்முன் நிற்கிறது. பாவமன்னிப்பு மந்திரத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நாம், ஓடிப்போன கணவனைத் தேடி ஆள் அனுப்பியவனையும், அந்த வீட்டின் அடுப்பெரியப் பொருள் கொடுத்தவனையும் நினைத்துப் பார்க்கலாம். அதைச் செய்தவன் குற்றமற்றவனும் அல்லன். தன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டு மாதவியின் வீட்டில் ஆண்டுக்கணக்காய் இருந்தவன். பிறிதொரு பெண்ணுக்குக் கணவனை மீட்டுக் கொடுத்தவன், தன் வீட்டு வாசலைத் தான் மறந்தான். மாடலன் இதைச் சொல்லிக் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்த கோவலன் எண்ணிப் பார்த்திருக்கக் கூடும்.

அடைக்கலக் காதையை அடுத்து வருவது கொலைக்களக் காதை. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, ஊடிய தேவியின் சினத்தைத் தணிக்கும் அவசரத்தில், பாண்டியன் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். கையிலிருந்த சிலம்பு கீரியின் வாய் இரத்தம்போல் ஆயிற்று. தானியேல் நூலில் சூசன்னாவைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லும் கூட்டத்தை ஓர் இளைஞன் தடுத்து நிறுத்தி, குற்றம் சாட்டிய முதியோர் இருவரையும் தனித்தனியே வைத்து விசாரித்தான். எந்த மரத்தின்கீழ் கண்டாய் என்ற ஒரே கேள்வியில் பொய் வெளிப்பட்டது. மதுரையில் அப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்கவில்லை. உள்ளிருந்தது முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு கணம் போதும். அந்தக் கணம், கோவலன் இறந்த பின்னரே வந்தது.

உண்மை அறிந்த மன்னன் அரியணையிலேயே வீழ்ந்து இறந்தான். கோப்பெருந்தேவியும் உடன் மாண்டாள். தன் பிழையை எவரிடமும் எடுத்துச் சென்று காட்ட அவனுக்கு நேரமில்லை; காட்டியிருந்தால் வாங்கிப் படித்திருக்கக் கூடிய ஒருவனை அவனே கொன்றிருந்தான். கண்ணகியோ நகரை எரிக்கத் துணிந்த அந்தச் சினத்திலும், அறவோரையும் பசுக்களையும் கற்புடைய மகளிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கியே தீயை ஏவினாள் என்கிறார் இளங்கோ.